அவலானுக்கு வழி சொன்ன தட்டு

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், டெல்டா சமவெளி முடிந்து மேட்டு நிலம் தொடங்கும் இடத்தில் அவலான் என்றொரு சிற்றூர். ஒரு கடை, சில வீடுகள், சுற்றிலும் பருத்திக்காடு. நிலப்படம் வரைகிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் அளவுக்குச் சின்ன ஊர். அந்த ஊரின் பெயர் தாங்கிய ஒரு பாட்டு 1928 டிசம்பர் 21 அன்று நியூயார்க்கில் ஒலிப்பதிவானது. 'அவலான் புளூஸ்' என்ற அந்தப் பாட்டைத் தானே கிட்டார் வாசித்துப் பாடியவர் ஜான் ஹர்ட் என்ற கறுப்பின விவசாயி. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் அது. மறுபக்கத்தில் 'எய்ன்ட் நோ டெல்லிங்' என்ற இன்னொரு பாட்டு. தட்டு பெரிதாக விற்கவில்லை. பாடியவர் ஊர் திரும்பினார். அடுத்த 34 ஆண்டுகள் அவரை யாரும் ஒலிப்பதிவுக்கு அழைக்கவில்லை. கடைசியில் அழைக்க வந்தவருக்கு வழி சொன்னது அந்தத் தட்டுதான்.

அந்தக் காலத்துத் தட்டுகளின் பயணத்தில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டை இறுக்கிப் பிடித்திருந்தது அரக்கு. பலாசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் அப்பிக்கிடக்கும் சின்னஞ்சிறு பூச்சிகள் கசியவிடும் பிசின் அது. உலகச் சந்தைக்குப் போன அரக்கில் பெரும்பங்கு இந்தியாவுடையது. சோட்டா நாக்பூர் காடுகளில் திரட்டிய அரக்கு கல்கத்தா துறைமுகத்தில் கப்பலேறியது. அதோடு கல்பொடி, கரித்தூள், பஞ்சுநார் ஆகியவற்றைக் கலந்து சூடாக்கி, உலோக அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் தட்டு தயார். எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரல் ஏறிய தட்டும் இதே சரக்குதான். பார்க்கக் கெட்டியாகத் தெரியும்; கை தவறினால் உடைந்துபோகும். எஃகு ஊசி ஒவ்வொரு தடவை ஓடும்போதும் வரிப்பள்ளத்தைக் கொஞ்சம் அரித்துவிட்டுப் போகும். ஆசையாகக் கேட்கப்பட்ட தட்டுகளே முதலில் தேய்ந்தன.

இத்தகைய தட்டில் ஹர்ட் போன்ற ஒருவரின் குரல் பதிந்ததற்குத் தொழில்நுட்பம் மாறியதும் ஒரு காரணம். 1925 வரை பாடகர்கள் ஒரு கூம்பின் வாய்க்குள் பாட வேண்டியிருந்தது. உரத்த குரல்காரர்கள் பிழைத்தார்கள். அந்த ஆண்டு மின்சார ஒலிப்பதிவு வந்து, மைக்ரோபோன் முன்னால் பேசுவதுபோலப் பாடினாலும் பதியும் என்ற நிலை ஏற்பட்டது. ஹர்ட் பேசுவதுபோலப் பாடுகிறவர். அதே டெல்டா வட்டாரத்தில் சார்லி பேட்டன் என்ற பாடகர் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தபோது, இவர் தணிந்த குரலில், யாரையும் அவசரப்படுத்தாமல் பாடினார். ஒன்பது வயதில் அம்மா ஒன்றரை டாலருக்கு வாங்கித் தந்த கிட்டாரில் தானாகவே பழகியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பெருவிரல் தடித்த தந்திகளை மாறி மாறித் தொட்டுத் தாளத்தைக் காக்கும். சுட்டுவிரலும் நடுவிரலும் மெல்லிய தந்திகளில் மெட்டை எடுக்கும். கேட்கிறவருக்கு இரண்டு பேர் வாசிப்பதாகத் தோன்றும். சனிக்கிழமை இரவு ஆட்டங்களுக்கு அந்த வாசிப்புதான் துணை. வெள்ளையர் வீட்டு ஆட்டத்துக்கும் அவரை அழைப்பார்கள்.

வெள்ளையர் வீட்டு ஆட்டம் வழியாகத்தான் ஒலிப்பதிவு வாய்ப்பு வந்தது. அந்தப் பகுதியில் வில்லி நார்மர் என்ற வெள்ளைக்காரப் பிடில் கலைஞர் இருந்தார். அவருடைய கிட்டார் கூட்டாளி ஷெல் ஸ்மித் வராத நாளில் ஹர்ட் உடன் வாசிப்பார். போட்டியொன்றில் வென்று ஓகே என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பதிவு செய்யும் வாய்ப்பைப் பெற்ற நார்மர், அந்நிறுவனத்தின் டாமி ராக்வெல்லிடம் ஹர்ட்டைப் பற்றிச் சொன்னார். ராக்வெல் வீடு தேடி வந்து கேட்டார். 1928 பிப்ரவரியில் ஹர்ட் மெம்ஃபிஸ் போனார். பெரிய கூடம், உள்ளே அவரும் ராக்வெல்லும் பொறியாளரும் மட்டும். மைக்ரோபோனுக்கு முன் தலையை அசைக்காமல் உட்காரச் சொன்னார்கள் என்றும், கழுத்து பல நாள் வலித்தது என்றும் அவர் பிறகு நினைவுகூர்ந்தார். அன்று பதிவான எட்டுப் பாட்டுகளில் இரண்டு மட்டுமே தட்டாக வெளிவந்தன.

ஓகே தன் சரக்கைத் தோல் நிறப்படி பிரித்து விற்ற நிறுவனம். கறுப்பின மக்களுக்கு 'ரேஸ்' தட்டுகள் 8000 வரிசை எண்ணில். தென்மாநில வெள்ளையர்களுக்கு நாட்டுப்புறத் தட்டுகள் 45000 வரிசையில். ஒரே கூடத்தில், ஒரே இரவில் சேர்ந்து வாசித்த நார்மரும் ஹர்ட்டும் விலைப்பட்டியலில் வெவ்வேறு பக்கங்களுக்குப் போனார்கள். 'மிசிசிப்பி' என்ற முன்னொட்டையும் நிறுவனமே ஹர்ட்டின் பெயரில் சேர்த்தது. தெற்கின் மண்வாசனை விற்பனைக்கு உதவும் என்பது கணக்கு. ஒரு மாநிலத்தின் பெயரால் ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்பதைப் பற்றி விற்பனைப் பிரிவுக்கு என்ன கவலை?

முதல் தட்டு ஓரளவு போயிற்று. அந்த நவம்பரில் ராக்வெல் ஹர்ட்டுக்குக் கடிதம் எழுதினார்: நியூயார்க் வரவேண்டும், ஏற்கப்படும் ஒவ்வொரு பாட்டுக்கும் 20 டாலர், வழிச்செலவு தனி, பழைய பாட்டுகள் சில கட்டாயம். டிசம்பரில் ஹர்ட் ரயிலேறினார். பருத்திக்காட்டு விவசாயிக்குக் குளிர்கால நியூயார்க் ஒட்டவில்லை. ஊர் நினைப்பில் அங்கேயே ஒரு பாட்டு கட்டினார். தன் ஊர் எது, மனம் எங்கே இருக்கிறது என்பதை வெளிப்படையாகச் சொல்லும் பாட்டு அது. 21, 28 ஆகிய இரு நாள்களில் பதிந்தவற்றில் அதுவும் ஒன்று. இரண்டு ஊர்ப் பதிவுகளும் சேர்ந்து மொத்தம் ஆறு தட்டுகள், பன்னிரண்டு பாட்டுகள் வெளிவந்தன. கறுப்பினச் சந்தையில் அப்போது ஓங்கியிருந்த காட்டமான புளூஸுக்கு முன்னால் ஹர்ட்டின் மென்மை எடுபடவில்லை.

1929 அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தது. அமெரிக்காவில் 1927இல் பத்துக் கோடிக்கு மேல் விற்ற தட்டுகள், 1932இல் சுமார் 60 லட்சமாகக் குறைந்தன. புளூஸ் தட்டுகளை வாங்கிய ஏழைக் குடும்பங்களிடம்தான் முதலில் காசு தீர்ந்தது. பிறகு போர் வந்தது. ஆசியாவிலிருந்து அரக்கு வருவது தடைப்பட, 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு தட்டுத் தொழிலுக்கான அரக்கை வெகுவாக வெட்டியது. அரக்குக்குப் போர்த்தளவாடத்தில் வேலை இருந்தது. பழைய தட்டுகளைக் கொண்டுவந்து கொடுங்கள், உருக்கிப் புதிது அடிக்கிறோம் என்று கடைகள் கேட்டன. விற்காத பாட்டுகள் எத்தனையோ அப்படிக் கரைந்து, விற்கிற பாட்டுகளாக மறுபிறவி எடுத்தன. 'அவலான் புளூஸ்' தட்டில் அச்சானவை சொற்பம். தேய்ந்து, உடைந்து, உருக்கப்பட்டுப் போனவை போக மிஞ்சியவை அதிலும் சொற்பம்.

மிஞ்சியவற்றைக் காப்பாற்றியவர்கள் சேகரிப்பாளர்கள். குப்பை விலைக்குக் கிடைத்த பழைய தட்டுகளை அள்ளிக் குவித்த ஹாரி ஸ்மித், 84 பதிவுகளைத் தேர்ந்தெடுத்து 1952இல் ஃபோக்வேஸ் நிறுவனம் மூலம் ஆறு எல்.பி. தட்டுகளாக வெளியிட்டார். 'ஆந்தாலஜி ஆஃப் அமெரிக்கன் ஃபோக் மியூசிக்' என்ற அந்தத் தொகுப்பில் ஹர்ட்டின் 'ஃபிராங்கி', 'ஸ்பைக் டிரைவர் புளூஸ்' இரண்டும் இருந்தன. பாடியவர் கறுப்பரா வெள்ளையரா என்று ஸ்மித் வேண்டுமென்றே குறிப்பிடவில்லை. ஹர்ட்டை மலைநாட்டு வெள்ளைக்காரர் என்று நினைத்தவர்களும் உண்டு. நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் காபிக் கடைகளில் கிட்டார் பழகிய கல்லூரிப் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு பாட்டுகள் பாடமாகிவிட்டன. ஊசியை மறுபடி மறுபடி பின்னுக்கு வைத்து விரல்வித்தையைப் பிடிக்கப் பார்த்தார்கள். பாடியவர் எப்போதோ இறந்திருப்பார் என்பதே பலரின் எண்ணம். அந்த இரண்டு பாட்டிலும் அவர் ஊரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அந்தச் சொல் இருந்த தட்டு வேறு வழியில் வந்தது. வாஷிங்டனில் டிக் ஸ்பாட்ஸ்வுட் என்ற சேகரிப்பாளருக்கு ஆஸ்திரேலியச் சேகரிப்பாளர் ஒருவரிடமிருந்து 'அவலான் புளூஸ்' ஒலிநாடாவில் வந்து சேர்ந்தது. தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. ஒலி மட்டும் கடல் தாண்டியது. பாட்டைக் கேட்டதும் ஊர்ப்பெயர் பிடிபட்டது. அன்றைய சாலைப் படங்களில் அப்படி ஓர் ஊர் இல்லை. 1878இல் அச்சான ஓர் அட்லஸில் இருந்தது. ஸ்பாட்ஸ்வுட்டின் நண்பரும் கிட்டார் ஆர்வலருமான டாம் ஹாஸ்கின்ஸ் தெற்கே காரோட்டிப் போனார். 1963 மார்ச் தொடக்கம் அது. அவலான் கடைவாசலில் விசாரித்தார். தேடுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. இந்த வழியாகப் போங்கள், மூன்றாவது தபால்பெட்டி அவர் வீடு என்று கைகாட்டிவிட்டார்கள்.

அந்த வீட்டின் பார்வையில் அந்த வருகையை யோசிக்க வேண்டும். அருகிலுள்ள பெரிய ஊரான கிரீன்வுட்டில் கறுப்பின மக்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போராடிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. பிப்ரவரி 28 அன்று கிரீன்வுட்டுக்கு வெளியே ஜிம்மி டிராவிஸ் என்ற இளம் களப்பணியாளர் ஓடும் காரில் சுடப்பட்டிருந்தார். இந்த நிலையில் ஒரு முன்பின் தெரியாத வெள்ளைக்கார இளைஞன் வாசலில் நின்று, உங்களைத்தான் தேடி வந்தேன் என்றால் எழுபது வயதுக் கறுப்பின விவசாயி என்ன நினைப்பார்? போலீஸ் ஆள் என்றே ஹர்ட் நினைத்தார். தான் ஒரு தவறும் செய்யவில்லை என்று சொன்னார். அவரிடம் அப்போது சொந்தமாகக் கிட்டார்கூட இல்லை. ஹாஸ்கின்ஸ் தான் கொண்டுவந்த கிட்டாரைக் கொடுத்தார். விரல்கள் கொஞ்சம் துருவேறியிருந்தாலும் கைப்பழக்கம் அதேதான்; இவர்தான் அவர் என்பதில் ஐயமே எழவில்லை.

அதன்பின் எல்லாம் வேகம். அந்தக் கோடையில் வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக அவர் பாட்டுகள் பதிவாயின. ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசைவிழா. அதே ஆண்டில் பீட்மாண்ட் நிறுவனத்தின் எல்.பி. தட்டு வந்தது, அதன் முதல் பாட்டு மறுபடி பாடிய 'அவலான் புளூஸ்'. பிறகு வேன்கார்ட் நிறுவனத்துக்குப் பதிவுகள். ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் வாசித்தார். 1928இல் பதிந்து வெளிவந்த மொத்தப் பாட்டும் பன்னிரண்டு. திரும்பி வந்த பிறகு மூன்றரை ஆண்டுகளில் பதிந்தவை அதைப்போலப் பல மடங்கு. இடையில் ஒலிப்பதிவு அறையே பார்க்காததால் மாறிய மோஸ்தர் எதுவும் அவர் வாசிப்பில் ஒட்டவில்லை. குரல் இன்னும் கீழே இறங்கி, இன்னும் நிதானமாகியிருந்தது. மூன்று நிமிடத் தட்டின் கட்டுப்பாடு இல்லாததால் பாட்டுகள் தங்கள் போக்கில் நீண்டன. 1966 நவம்பர் 2 அன்று மிசிசிப்பியின் கிரெனேடாவில் அவர் இறந்தார். பெருவிரல் தாளம் வைத்து மற்ற விரல்கள் பாடும் முறையை இன்று உலகெங்கும் கிட்டார் ஆசிரியர்கள் அவர் பாட்டுகளை வைத்தே தொடங்கிவைக்கிறார்கள்.

இந்தக் கதையை வழக்கமாக 'தொலைந்த கலைஞர் கண்டெடுக்கப்பட்டார்' என்று எழுதுவார்கள். அவலானில் அவர் தொலைந்த நாளே கிடையாது. மாடு மேய்த்தார், பயிரிட்டார், ரயில்பாதைக்குக் கட்டை வெட்டினார். அக்கம்பக்கத்தாருக்கு அவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்பது எப்போதும் தெரியும். தொலைந்தது தட்டு. அதைத் தொலைத்தது, தான் விற்ற பாட்டுக்காரர் பிழைத்திருக்கிறாரா என்று திரும்பிப் பார்க்காத ஒரு தொழில். 1963இலேயே ஜான் ஃபாஹி, எட் டென்சன் என்ற இரு ஆர்வலர்கள் புக்கா ஒயிட் என்ற இன்னொரு புளூஸ் கலைஞரைக் கண்டுபிடித்தார்கள். அவரும் 1940இல் அபர்டீன் என்ற தன் மிசிசிப்பி ஊரின் பெயரில் ஒரு பாட்டு பதிந்திருந்தார். பழைய புளூஸ் பாடகர் என்று குறிப்பிட்டு அந்த ஊர்த் தபால் நிலையத்துக்கு ஃபாஹி கடிதம் போட்டார். அது கை மாறி, மெம்ஃபிஸில் இருந்த ஒயிட்டிடம் போய்ச் சேர்ந்தது. 1930இல் பாரமவுண்ட் நிறுவனத்துக்குப் பாடிய கீச்சி வைலியைத் தேடிப் போனவர்களுக்கு அப்படி ஒரு பிடியும் கிடைக்கவில்லை. அவர் பாட்டைக் கேட்டுப் பித்தானவர்கள் உண்டு. அவரை நேரில் கண்டு மீண்டும் பாடச் சொல்ல யாருக்கும் வாய்க்கவில்லை.

ஹர்ட் விஷயத்தில் அட்லஸோ ஆஸ்திரேலியாவோ தேவையாகவே இருந்திருக்காது. 1928 நவம்பரில் ராக்வெல் எழுதிய கடிதம் பத்திரமாக அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது, அவரும் ரயிலேறி வந்தார். அடுத்த 34 ஆண்டுகளில் இன்னொரு கடிதம் போட்டிருந்தாலும் சேர்ந்திருக்கும். போட ஆளில்லை.