பிறர் பந்தலில் படரும் கொடி

ஓடைப்பட்டியின் திராட்சைத் தோட்டங்களில் கொடி தானாக நிற்பதில்லை. தூணும் கம்பியுமாகப் போட்ட பந்தலைப் பற்றியே அது படர்கிறது. ஆயினும் கனி கொடியினுடையதே. ஏற்கெனவே உள்ள கதையைப் பற்றிக்கொண்டு எழும் எழுத்தும் இத்தகையது. தாம் நேசித்த நூலின் மாந்தரை வாசகரே மேற்கொண்டு எழுதுவதை இன்று 'ரசிகர் புனைவு' என்கிறார்கள். இதனை இரவல் எழுத்தென இகழ்வோர் உண்டு. நம் இலக்கிய வரலாறு அவ்வாறு இகழ இடந்தரவில்லை.

நற்செய்தி நூல்களில் சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. அவரது இறப்பும் அங்கே கூறப்படவில்லை. அந்த மௌனத்தினுள்தான் இத்தாலியரான வீரமாமுனிவர் (1680-1747) நுழைந்தார். 1726இல் அவர் இயற்றிய தேம்பாவணி, 36 படலங்களில், 3,615 பாடல்களில், சூசையப்பரை 'வளன்' என்னும் காப்பியத் தலைவராக்கியது. கதைக்கு ஸ்பெயின் நாட்டுக் கன்னித்துறவி ஆகிரெதா மரியாவின் நூலையும், காப்பிய நெறிக்குச் சிந்தாமணியையும் கம்பரையும் அவர் சார்ந்தார். யூதேயாவில் தமிழகத்து வயல்கள் விளைந்தன.

அன்னை மரியாவின் பெற்றோர் பெயரையும் விவிலியம் கூறவில்லை. சுவக்கின், அன்னம்மாள் என்னும் பெயர்கள் இரண்டாம் நூற்றாண்டின் 'யாக்கோபின் முதல் நற்செய்தி' வழியாக வந்தவை. திருச்சபை அந்நூலைத் திருமுறையில் சேர்க்கவில்லை. எனினும் அவ்விருவருக்கும் ஜூலை 26இல் விழா எடுக்கிறது. மறைநூல் வேறு, அன்பினால் எழுந்த புனைவு வேறு என்னும் தெளிவு இதில் உள்ளது.

அண்மைக் காலத்திற்கு வருவோம். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோது வாசகர் மனம் நிறையவில்லை. எஞ்சிய மாந்தர் என்ன ஆயினர் என்னும் கேள்விகளுக்குக் கல்கி முடிவுரை எழுத நேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். பின்னர் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் அக்கதையைத் தொடர்ந்தார்.

தொடர்வது மட்டுமன்று, வழக்காடுவதும் உண்டு. புதுமைப்பித்தனின் 'சாப விமோசன'த்தில், சீதை தீக்குளித்ததைக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள். இராமகதையில் ஊறியவர் மட்டுமே எழுப்பக்கூடிய கேள்வி அது.

நாமும் இதற்கு அந்நியரல்லர். பாஸ்கு நாடகங்களில், நற்செய்தியில் பெயரே இல்லாத வெரோணிக்கா பேசுவதைக் கேட்டு நாம் கண்ணீர் விட்டிருக்கிறோம். அக்கண்ணீர் பொய்யன்று. ஆனால் அந்த வசனத்தை மறைநூலின் வாக்கெனப் பிள்ளைகளுக்குக் கற்பித்தால் அது பொய்யாகிவிடும். பிறர் நூலைத் தொடர்வோரும் தம் கடனை மறைத்தால் அதே தவற்றைச் செய்பவராவர்.

ஆகவே நம் இளைஞர் ஒருவர் தமக்குப் பிடித்த கதையைத் தொடர்ந்து எழுதிக் காட்டும்போது, சொந்தமாக எழுது என்று கடிந்து அனுப்பாதிருப்போம். எவரிடம் பெற்றாய், நீ சேர்த்தது எது என்னும் இரண்டையும் கேட்போம். கவாத்து செய்த கொடியே நன்கு காய்க்கும் என்பதை இப்பள்ளத்தாக்கின் உழவர் அறிவர். அக்கேள்விகளே எழுத்துக்குக் கவாத்து.