கார்டோமா: பெரியவர்களில் நோயறிதல்

கார்டோமா என்பது முதுகெலும்பின் வழியிலும் மண்டையோட்டின் அடிப்பகுதியிலும் தோன்றும் அரிய எலும்புப் புற்றுநோய். ஆண்டொன்றுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இது வருகிறது. கருவில் முதுகெலும்புக்கு முன்னோடியாக அமையும் முதுகுநாண் பிறப்பதற்குள் பெரும்பாலும் மறைந்துவிட வேண்டும். எலும்புக்குள் எஞ்சிவிடும் அதன் உயிரணுக்களிலிருந்தே இக்கட்டி வளர்கிறது. ஜெர்மானிய நோயியலாளர் ருடால்ஃப் விர்கோ, குமிழ்கள் நிறைந்த இதன் உயிரணுக்களை 1857இல் விவரித்தார். முதுகுநாணோடு இதற்குள்ள உறவை மறு ஆண்டே ஹைன்ரிஷ் முல்லர் எடுத்துக்காட்டினார்.

உணவோ தொழிலோ பழக்கவழக்கமோ இதற்குக் காரணம் என்று கண்டறியப்படவில்லை. ‘நான் என்ன தவறு செய்தேன்?’ என்று கேட்கும் நோயாளிக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

ஐம்பது, அறுபது வயதுகளில் இந்நோய் அதிகம். ஆண்களிடம் சற்றுக் கூடுதல். மண்டையோட்டு அடியில் வரும் கட்டி இளையவர்களையும் தாக்கும். தலைவலி, இரட்டைப் பார்வை ஆகியவை அதன் அறிகுறிகள். இடுப்புக்குக் கீழே வால் எலும்புக்கு மேலே உள்ள முக்கோண எலும்பான திரிகத்தில் வரும் கட்டிதான் நெடுநாள் ஏமாற்றுகிறது. உட்கார்ந்தால் கூடும் அடிமுதுகு வலி, பிட்டத்தில் மரமரப்பு, மலச்சிக்கல், சிறுநீர் கழிப்பதில் தடை என ஒவ்வொன்றாக வரும். அறுபது வயதில் இவை யாருக்கும் வரக்கூடியவை. அதனால் டிஸ்க் விலகல், சயாட்டிகா, மூலம் என்று சிகிச்சை மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. கட்டி மெல்ல வளர்வதால் வலி திடீரென முற்றுவதும் இல்லை. இடுப்பு முதுகுக்கு வழக்கமாக எடுக்கும் எம்.ஆர்.ஐ. படம் திரிகத்தின் கீழ்ப்பாதியை முழுமையாகக் காட்டாமல் போகலாம். ஆசனவாயில் விரலிட்டுச் சோதித்தாலே பல கட்டிகள் தட்டுப்படும். கூச்சத்தால் இந்த எளிய சோதனை தவிர்க்கப்படுவது வருந்தத்தக்கது.

படத்தில் ஐயம் எழுந்தபின் அடுத்த படி பயாப்ஸி. அவசரமே கேடு செய்யும் இடமும் இதுதான். ஊசி செல்லும் வழியில் புற்றணுக்கள் சிந்தக்கூடும் என்பதால், பின்னர் அறுவை செய்து அகற்றக்கூடிய பாதையிலேயே, பின்புறமாக, ஊசி செலுத்த வேண்டும். மலக்குடல் வழியாகச் செலுத்தக் கூடாது. அறுவை செய்யப்போகும் குழுவே பயாப்ஸியையும் திட்டமிடுவது நல்லது. பிராக்கியூரி என்னும் புரதம் உயிரணுக்களில் இருப்பது நோயை உறுதிப்படுத்தும்.

வழக்கமான கீமோதெரபி இதற்குப் பெரும்பாலும் பயன் தருவதில்லை. கட்டியை உடைக்காமல் முழுதாக எடுக்கும் முதல் அறுவையே சிறந்த வாய்ப்பு. அதற்கு நோயாளி தரும் விலை பெரிது. இரண்டாம், மூன்றாம் திரிக நரம்புகளை இருபுறமும் வெட்ட நேர்ந்தால் சிறுநீர், மலக் கட்டுப்பாடும் பாலுறவுத் திறனும் குலையும். கதீட்டர் குழாயைத் தாமே செருகிச் சிறுநீர் எடுப்பது, நேரம் வைத்துக் குடலைச் சுத்தம் செய்வது ஆகியவை அன்றாட வேலையாகும். எந்த நரம்பு போகும், எது மிஞ்சும் என்பதை அறுவைக்கு முன்பே, குடும்பத்தாரிடம் மட்டுமல்லாமல், நோயாளியிடமே விளக்கிச் சொல்ல வேண்டும்.

கதிர்வீச்சுச் சிகிச்சை என்றால் அதை மிகுந்த அளவில் தர வேண்டும்; தண்டுவடமும் மூளைத்தண்டும் அருகிலிருப்பதால் மிகத் துல்லியமாகவும் தர வேண்டியிருக்கிறது. புரோட்டான் சிகிச்சை இதற்கு ஏற்றது; சென்னையில் 2019 முதல் இவ்வசதி உள்ளது. ஜப்பானின் சிபாவில் கார்பன் அயனிச் சிகிச்சை 1994இல் தொடங்கியது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர் ஜாஷ் சோமர், தமக்கு இந்நோய் இருப்பதை 2006இல் அறிந்தார். மறு ஆண்டு தாயாருடன் சேர்ந்து கார்டோமா அறக்கட்டளையைத் தொடங்கினார். சிதறிக் கிடந்த நோயாளிகளையும் ஆய்வாளர்களையும் அது ஒன்றுசேர்த்தது.

சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் அதே இடத்தில் கட்டி திரும்ப வரலாம். நுரையீரல், எலும்பு, கல்லீரலுக்கும் பரவலாம். ஆகவே வலி இல்லாவிட்டாலும் குறித்த காலத்தில் ஸ்கேன் எடுப்பதை நிறுத்தக் கூடாது. பழைய படங்களையும் பயாப்ஸி அறிக்கையையும் நோயாளி தம்மிடமே பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.