காலுறை கூறும் வரலாறு

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம்மவர் பழமொழி. அந்த ஆடைப் பாதியிலும் நாம் கண்டு வியப்பது ஒரு பகுதியே. பட்டின் பளபளப்பையும் கரையின் அகலத்தையும் பேசுகின்ற நாம், காலில் அணியும் உறையைப் பற்றிப் பேசுவதில்லை. ஆயினும், ஓர் இனம் தன் மரபுடையை எவ்வளவு மதிக்கின்றது என்பதை அறிய விரும்புவோர், அவ்வுடையின் மிகச் சிறிய உறுப்பையே முதலில் நோக்குதல் வேண்டும். இவ்வுண்மையை விளக்க ஸ்காட்லாந்து மக்களின் கம்பளிக் காலுறை தக்கதொரு சான்றாகும்.

காலுறை நமக்குப் புதிய சொல் அன்று. முந்தைய தலைமுறையினர் இதனை மேசோடு என்றனர். இந்நாட்டு மாணவர் மலாய் வழக்கையொட்டி ‘ஸ்டோக்கின்’ என்பர். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலுக்கு வழங்கும் ‘ஓசியரி’ என்னும் பெயரும் காலுறையைக் குறிக்கும் ‘ஓஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லினின்று பிறந்ததே. பனியன் நெய்யும் ஊர் காலுறையின் பெயரைத் தாங்கி நிற்பது சொல்வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

ஸ்காட்லாந்தின் மலைநாட்டு ஆடவர் அணியும் கில்ட், இடையினின்று முழங்கால் வரை தொங்கும் கொசுவமிட்ட கம்பளி ஆடை. முழங்காலுக்குக் கீழே காலை மறைப்பதற்கு அதில் துணியில்லை. எனவே காலுறை அங்கே காலணிக்குள் ஒளிந்து கிடக்கும் பொருளாக இல்லாமல், ஆடையின் கீழ்ப்பாதியாகவே விளங்குகின்றது. கால்சட்டை அணிபவன் கிழிந்த காலுறையை மறைத்துவிடலாம். கில்ட் அணிபவனுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

தொடக்கத்தில் இக்காலுறை பின்னப்படவில்லை, வெட்டித் தைக்கப்பட்டது. டார்ட்டன் எனப்படும் கட்டமிட்ட கம்பளித் துணியைக் கோணவாட்டில் வெட்டி, பின்புறம் தையலிட்டுக் காலுக்கு இசைய அமைத்தனர். நேர்வாட்டில் வெட்டிய துணி இழுபடாது; கோணவாட்டில் வெட்டியது ஓரளவு இழுபட்டுக் கெண்டைக்காலைப் பற்றிக்கொள்ளும். அவ்வாறு வெட்டியதால் துணியின் சதுரக் கட்டங்கள் சாய்சதுரங்களாகத் தோன்றின. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் பொறியை 1589ஆம் ஆண்டில் அமைத்தார் என்பர். எனினும் மலைநாட்டுப் படைவீரர் 19ஆம் நூற்றாண்டிலும் நீண்ட காலம் துணியில் வெட்டித் தைத்த காலுறையையே அணிந்தனர். பின்னற் காலுறை பரவிய பின்னரும், பழைய சாய்சதுரக் கோலத்தைப் பின்னலிலேயே கொண்டுவந்தனர். செய்முறை மாறியது, கோலம் நிலைத்தது.

இவ்வுடைக்கு ஒரு பெருஞ்சோதனையும் நேர்ந்தது. 1746இல் கலோடன் போரில் மலைநாட்டார் தோல்வியுற்றனர். அவ்வாண்டே பிரிட்டானியப் பாராளுமன்றம் சட்டமியற்ற, 1747 ஆகஸ்டு முதல் நாளினின்று மலைநாட்டு ஆடவரும் சிறுவரும் கில்ட் முதலிய மரபுடைகளை அணிதல் குற்றமாயிற்று. முதன்முறை பிடிபட்டோர்க்கு ஆறு திங்கள் சிறை. மறுமுறை பிடிபட்டோர்க்கு ஏழாண்டு நாடு கடத்தல். அரசின் படையில் பணியாற்றிய வீரர்க்கு மட்டும் இத்தடை இல்லை. சட்டம் 1782இல் நீக்கப்பட்டபோது முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. அதாவது, ஒரு தலைமுறை அவ்வுடையை அணியாமலே வளர்ந்திருந்தது. ஒருவன் மொழியை மறக்க எத்துணைக் காலம் ஆகும் என்று ஆராயும் நாம், உடையை மறக்க எத்துணைக் காலம் ஆகும் என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

மறந்ததை மீட்கும்போது பிழை நேர்வது இயல்பு. 1822 ஆகஸ்டில் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ நகருக்கு வருகை தந்தார். வரவேற்பு விழாக்களை வகுத்தமைத்தவர் புகழ்பெற்ற நாவலாசிரியர் சர் வால்ட்டர் ஸ்காட். மன்னர் மலைநாட்டு உடையில் தோன்றினார். ஆனால், கில்ட்டோ அளவிற் குறுகியது. அதன் கீழே வெறுங்காலை மறைக்கத் தோல்நிறத்தில் இறுகிய காற்சட்டை ஒன்றையும் அணிந்திருந்தார். கேலிச் சித்திரக்காரர்க்கு அது பெருவிருந்தாயிற்று. பின்னர் 1829இல் டேவிட் வில்கி என்னும் ஓவியர் அக்கோலத்தை வரைந்து முடித்தபோது, கில்ட்டை நீட்டினார். இறுகிய காற்சட்டையை நீக்கினார். அளவறிந்து உடுத்தாத குறையைத் தூரிகை மறைக்க வேண்டியதாயிற்று. பேரரசின் தலைவனாயினும், பொருந்தாத உடை நகைப்பையே விளைக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆயின், பொருத்தமான காலுறை என்பது யாது? முதலாவது, நீளம். கில்ட்டின் விளிம்பு முழங்காற் சில்லின் நடுப்பகுதியை ஒட்டி நிற்க, காலுறையின் மேல்மடிப்பு முழங்காற் சில்லுக்கு ஏறத்தாழ மூன்று விரற்கடை கீழே அமைதல் வேண்டும். மடிப்பு மேலேறினால் கால் குறுகித் தோன்றும். கீழிறங்கினால் சோம்பல் தோன்றும். இரண்டாவது, சுற்றளவு. கால் அடியின் அளவை மட்டும் கூறிக் காலுறை வாங்குவோர் ஏமாறுவர். கெண்டைக்காலின் பருமனையும் குதிகாலினின்று முழங்கால் வரையுள்ள நீளத்தையும் நூலால் அளந்துகொள்ள வேண்டும். நல்ல காலுறை குழாய்போல் ஒரே அகலத்தில் இராது. கணுக்காலில் ஒடுங்கிக் கெண்டைக்காலில் விரிந்து, காலின் வடிவையே பின்பற்றும். மூன்றாவது, கட்டு. மடிப்பின் உள்ளே ஒரு நாடாவைக் கட்டிக் காலுறையை நிறுத்துவர். அந்நாடாவினின்று தொங்கும் வண்ணத் துணித்துண்டு மட்டும் வெளியே தெரியும். மிக இறுக்கினால் குருதியோட்டம் தடைப்படும். மிகத் தளர்த்தினால் காலுறை கணுக்காலில் வந்து சுருளும்.

நான்காவது, நூல். கம்பளி இழை இயல்பாகவே சுருள் உடையது, இழுத்துவிட்டால் மீளும். ஈரத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். ஆயினும் குதிகாலும் விரல்முனையும் விரைவில் தேயும் என்பதால், அவ்விடங்களில் நைலான் இழையைச் சிறிது கலப்பதும் உண்டு. கம்பளி இழையின் மேற்புறத்தில் நுண்ணிய செதில்கள் உள்ளன. வெந்நீரில் கசக்கினால் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, காலுறை சுருங்கிக் கெட்டியாகிவிடும். எனவே தண்ணீரில் மெல்ல அலசி, முறுக்கிப் பிழியாமல், நிழலில் பரப்பி உலர்த்துவர். வாங்கும்போது காட்டும் கருத்தைத் துவைக்கும்போதும் காட்டினாலன்றிப் பொருள் நிலைக்காது.

இவையெல்லாம் தொலைநாட்டுச் செய்தி என்று ஒதுக்குதற்கில்லை. கில்ட் மரபுடைய படைவீரர் நாம் வாழும் இச்சாலை வழியே வந்தவரே. கார்டன் மலைநாட்டுப் படையின் இரண்டாம் பட்டாளம் 1942 சனவரி இறுதி வாரத்தில், ஆஸ்திரேலியரின் 27ஆம் படைப்பிரிவுடன் இணைந்து, ஆயர் ஈத்தாமினின்று தெற்கே சிம்பாங் ரெங்கம் நோக்கி வரும் பெருஞ்சாலையில் சப்பானியரை எதிர்த்தது. அவ்வீரர் அப்போது கில்ட் அணிந்திலர். போருடையினின்று கில்ட் அதற்கு முன்னரே நீக்கப்பட்டுவிட்டது. மலாயாவின் வெம்மைக்கேற்ற காக்கி அரைக்கால்சட்டையே அவர்தம் உடை. படையில் பாதமில்லாத காலுறை என்றொரு வகையும் வழங்கிற்று. தேய்வது பாதமேயாதலின், மேற்பகுதியைத் தனியே அணிந்து, பாதத்திற்குச் சாதாரணக் காலுறையைத் தனியே இடுவர். வறுமையன்று, சிக்கனம் கற்பித்த அறிவு அது.

சனவரி 31ஆம் நாள் காலை, ஆர்கைல் மலைநாட்டுப் படையின் எஞ்சிய வீரர், இசைப்பை முழங்க, ஜோகூர்ப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் சென்றனர். பதினைந்து நாளில் சிங்கப்பூர் வீழ்ந்தது. சிறைப்பட்ட கார்டன் வீரர் பலர் சயாம் – பர்மா இரயில் பாதைக்கு அனுப்பப்பட்டனர். அதே பாதைக்கு மலாயாத் தோட்டங்களினின்று நம்மவரும் பல்லாயிரவராய்க் கொண்டு செல்லப்பட்டனர். அங்கே காலணியும் காலுறையும் மழையில் அழுகி ஒழிந்தன. மூங்கில் கீறிய சிறு காயமும் ஆறாப்புண்ணாய்ப் பெருகியது. காலை இழந்தோரும் உயிரை இழந்தோரும் மிகப் பலர். ஒரு முழத் துணியும் ஒரு பிடிக் கம்பளியும் மனிதனின் காலுக்கு என்ன செய்கின்றன என்பதை அங்கு உழன்றோர் அறிவர். தோட்டத்துத் துரை நீண்ட காலுறையுடன் நடந்த காட்டில், வெறுங்காலுடன் அட்டைக்கடி பட்டுப் பால்மரம் வெட்டிய நம் முன்னோரும் அறிவர்.

மரபுடை பிறந்த மண்ணை விட்டுப் பிற இனத்தாரிடம் சென்றும் வாழக்கூடும். கோலாலம்பூரில் 1986இல் தோன்றிய ஸ்ரீ தஸ்மேஷ் என்னும் சீக்கிய இசைப்பைக் குழுவினர், தலைப்பாகையோடு கில்ட்டும் காலுறையும் அணிந்து இசைப்பர். அவர்கள் 2019இல் கிளாஸ்கோ நகரில் நடந்த உலகப் போட்டியில் தம் பிரிவில் முதலிடம் பெற்றனர். பிறர் மரபை ஏற்றும் தம் மரபை விடாத அவர்தம் திறம் போற்றற்குரியது.

ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். கில்ட் பற்றிய விதிகள் யாவும் தொன்மையானவை அல்ல. குலத்திற்கொரு டார்ட்டன் என்னும் வழக்கம் பெரிதும் 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றியதே. ஆகவே, பழமை என்னும் ஒரே காரணத்தால் எதனையும் போற்றுதல் வரலாற்றறிவு ஆகாது. தடையால் அறுந்த நூலை ஒரு மக்கள் மீண்டும் முடிந்தனர். முடிந்த பின்னர் அதனை அளவோடும் அக்கறையோடும் காத்தனர். போற்றுதற்குரியது அந்த அக்கறையே.

இவ்வுரைகல்லில் நம்மையும் உரைத்துப் பார்ப்போம். பொங்கல் விழாவன்று நம் பள்ளிகளில் சிறுவர் வேட்டி உடுத்தி வருகின்றனர். காணக் கண் குளிர்கின்றது. ஆனால், அவ்வேட்டியை ஒட்டுப்பட்டையின்றித் தாமே கட்ட அறிந்தவர் எத்தனை பேர்? கரை எப்புறம் வரவேண்டும், விளிம்பு கணுக்காலுக்கு எவ்வளவு மேலே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் எத்தனை பேர்? வளரும் பிள்ளைக்குச் சென்ற ஆண்டு வாங்கிய சட்டை இவ்வாண்டு பொருந்துமா என்று பார்த்தவர் எத்தனை பேர்? ஒட்டுப்பட்டை வேட்டி குற்றமன்று. காலத்தின் உதவி அது. துணியை வெட்டித் தைத்தவர் பின்னலுக்கு மாறவில்லையா? ஆனால், கட்டத் தெரிந்தவன் ஒட்டுவது வசதி; கட்டத் தெரியாதவன் ஒட்டுவது இழப்பு.

ஆசிரியப் பெருமக்கள் ஆண்டுக்கொரு பாடவேளையை இதற்கு ஒதுக்கினால் போதும். நான்கு முழத் துணி ஒன்றை வகுப்பிற்குக் கொண்டுசென்று, அளந்து, கொசுவி, கட்டிக் காட்டுங்கள். மாணவரையும் கட்டச் செய்யுங்கள். முழங்காலுக்கு மூன்று விரற்கடை கீழே என்று ஒரு மக்கள் தம் காலுறைக்கு அளவு வகுத்திருக்க, நம் வேட்டிக்கு அளவு சொல்ல நம்மிடம் ஆளில்லை என்னும் நிலை வரலாகாது. அளவறிந்து உடுத்தப்படும் வரையில் அது மரபு. அறியாது அணிந்தால் அது வேடம்.