மடக்குக் கத்தியின் பெயர்களும் ஷெபீல்ட் உழைப்பாளரும்

கருவிகளின் பெயர்கள் அவற்றை ஆக்கிய சமூகத்தின் உற்பத்தி உறவுகளையும் தம்முள் கொண்டுள்ளன. இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்து மடக்குக் கத்தியை இந்நோக்கிலேயே இங்கு ஆராய முற்படுகின்றோம்.

இக்கத்தியின் உறுப்புகள் சிலவே. அலகு, அதன் அடியை அழுத்தி நிற்கும் முதுகுவில், இரு புறமும் பொருத்தப்படும் பிடித்தகடுகள், அவற்றின் முனையைக் காக்கும் உலோகப் பூண், அலகைத் திறப்பதற்கு நகம் பதிக்கும் பள்ளம் என்பனவே அவை. அலகைப் பூட்டி வைக்கும் பொறி இதில் இல்லை. வில்லின் அழுத்தமே அதனைத் திறந்தோ மடித்தோ நிறுத்துகின்றது. எமது வழக்கிலுள்ள 'வில்லுக்கத்தி' என்ற சொல் இந்த இயக்கத்தையே சுட்டுகின்றது. 'பேனாக்கத்தி' என்பதோ இறகுப் பேனாவைச் சீவிய காலத்தின் எச்சமாகும்.

உறுப்புகளின் பெயர்கள் பட்டறையிற் பிறந்தவை. வகைகளின் பெயர்களோ பெரும்பாலும் சந்தையிற் பிறந்தவை. மூன்று அலகுகள் கொண்ட 'ஸ்ரொக்மன்' அமெரிக்கக் கால்நடை வளர்ப்போனுக்குரியது. அதன் அலகுகளில் ஒன்றான 'ஸ்பே' விலங்குகளுக்கு விதையடிப்பதற்கென அமைந்தது. 'ட்ரப்பர்' பொறிவைத்து விலங்கு பிடிப்போனைக் குறிக்கும். நீண்ட பூண் கொண்ட மலிவான 'பார்லோ' ஒரு குடும்பப் பெயரால் வழங்குவது. மார்க் ருவெயின் 1876இல் வெளியிட்ட 'தொம் சோயர்' நாவலிற் சிறுவன் ஒருவனின் பெருஞ் செல்வமாக இது இடம்பெறுகின்றது. 'வோர்ண்கிளிவ்' என்பதோ ஒரு பிரபுவின் பட்டப்பெயர். வாங்குவோனுக்கும் பிரபுவுக்கும் இடமளித்த இப்பெயர்வரிசையிற் சாணை பிடித்தவனுக்கு இடமில்லை.

அவனது நிலை யாது? ஷெபீல்டிற் கத்தித் தொழிலை ஒழுங்குபடுத்தும் கம்பனி 1624இற் பாராளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. எனினும் 19ஆம் நூற்றாண்டிலும் கத்தி ஒரே கூரையின் கீழ் உருவாகவில்லை. ஒருவன் அலகை அடித்தான். மற்றொருவன் சாணை பிடித்தான். வேறொருவன் உறுப்புகளைப் பொருத்தினான். 'லிட்டில் மெஸ்டர்' எனப்பட்ட சிறு பட்டறைக்காரர் இடத்தையும் இயந்திர விசையையும் வாடகைக்குப் பெற்று உழைத்தனர். பெயரளவில் அவர்கள் சுதந்திரமானவர்கள். அவர்களது உழைப்பின் மீது பதிந்ததோ பெரும்பாலும் வணிகனின் முத்திரையே.

சாணைக்காரன் சுழலும் கல்லின் மேற் குனிந்து, நெஞ்சை ஒடுக்கி அமர்ந்திருந்தான். கல்லின் தூளும் உருக்கின் துகளும் மூச்சுடன் உட்புகுந்தன. நீரின்றிச் சாணை பிடிப்போர் 35 வயதை எட்டுவதே அரிது என்றும், நீருடன் பிடிப்போர் 45 வயதைத் தாண்டுவது அரிது என்றும் ஷெபீல்ட் மருத்துவர் நைட் கூறியதை ஏங்கெல்ஸ், இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றிய தமது 1845ஆம் ஆண்டு நூலில் எடுத்துக்காட்டினார். தூளை உறிஞ்சும் விசிறிகள் அக்காலத்திலேயே அறியப்பட்டிருந்தன. ஆயினும் அவற்றைச் சாணைக்காரர் சிலர் தாமே எதிர்த்தனர். ஆயுள் நீடித்தால் தொழிலுக்கு ஆட்கள் மிகுந்து கூலி வீழும் என அவர்கள் அஞ்சினர் என்பர். இதனை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. உயிரையும் கூலியையும் எதிரெதிரே நிறுத்திய அமைப்பே இங்கு விளக்கத்தை வேண்டி நிற்கின்றது.

சங்கச் சந்தா செலுத்தாதவனின் சாணைப் பட்டியை இரவிற் கவர்ந்து செல்வது அங்கு நீண்டநாள் வழக்கமாக இருந்தது. 'ரட்டனிங்' எனப்பட்ட இச்செயல் சில வேளைகளில் வன்முறையாகவும் வளர்ந்தது. 1866 ஒக்டோபரில் ஒரு தொழிலாளியின் வீட்டில் வெடிமருந்து வெடித்ததையடுத்து 1867இல் விசாரணை நடைபெற்றது. வன்முறைகளுக்குப் பின்னால் நின்றவர்களுள் ரம்பச் சாணைக்காரர் சங்கச் செயலாளர் வில்லியம் புரோட்ஹெட் இருந்தமை அதில் வெளிப்பட்டது. இதனைக் கொண்டு தொழிற்சங்கத்தையே குற்றவாளியாக்க முனைந்தோர் பலர். எனினும் 1871இல் தொழிற்சங்கங்கள் சட்ட அங்கீகாரம் பெற்றன.

1890இல் ஐக்கிய அமெரிக்கா விதித்த மக்கின்லி சுங்கவரி ஷெபீல்டின் பெருஞ் சந்தையைக் குறுக்கிற்று. ஷெபீல்டிலிருந்து குடிபெயர்ந்த தொழிலாளர் கனெக்டிகட், நியூயோர்க் மாநிலங்களில் ஏற்கெனவே இத்தொழிலை நிலைநாட்டியிருந்தனர். வரிக்குப் பின் அமெரிக்கத் தொழிற்சாலைகள் அதே வகைகளைத் தம் முத்திரையுடன் ஆக்கின.