திண்ணைப் பள்ளியில் தேர்ச்சியை அளந்தது யார்?

திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி இரண்டு கதைகள் நம்மிடையே உலவுகின்றன. பொருள் தெரியாமல் ஒப்பிக்க வைத்துப் பிரம்பால் அடித்த இருண்ட இடம் என்பது ஒன்று. வெள்ளைக்காரர்கள் வந்து அழித்த பொற்காலம் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஆதாரம் காட்டலாம். ஆனால் அங்கே ஒரு பிள்ளை தேறிவிட்டான் என்று யார் சொன்னார்கள், எதை வைத்துச் சொன்னார்கள் என்ற கேள்வியை இரண்டு கதைகளுமே கேட்பதில்லை. பள்ளியில் செய்த வேலை, வீட்டுக்குக் கொண்டுபோன பாடம், ஊரார் முன்னால் காட்டிய தேர்ச்சி மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், பிள்ளையின் படிப்பை அளக்கும் பொறுப்பு வாத்தியாரிடம் மட்டும் இல்லாமல் வீட்டிலும் கடைத்தெருவிலும் களத்துமேட்டிலும் பரவிக் கிடந்தது தெரியும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்தப் பொறுப்பு அரசாங்க இன்ஸ்பெக்டரின் கைக்குப் போனது. நம் தொடக்கப் பள்ளி வரலாற்றில் மிக ஆழமாக இறங்கிய மாற்றம் அதுதான் என்பது என் கருத்து.

சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்டக் கலெக்டர்களிடம் பள்ளிக் கணக்குக் கேட்டார். பதில்களைத் தொகுத்து 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். வகுத்துப் பார்த்தால் பள்ளிக்குப் பதினைந்து பிள்ளைகள். பள்ளி வயதுச் சிறுவர்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் பள்ளியில் படித்தார்கள் என்றும், வீட்டில் படித்தவர்களையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் என்றும் மன்றோ கணித்தார். இந்த எண்ணிக்கையைப் பெருமைக்கும் சிறுமைக்கும் பயன்படுத்தியவர்கள் பலர். அந்தப் பதினைந்தைக் கவனித்தவர்கள் குறைவு. பதினைந்து பேரில் ஒருவன் மணலில் ‘அ’னா எழுதுவான், ஒருவன் ஓலையில் எழுத்தாணி பிடிக்கப் பழகுவான், மூத்தவன் நிகண்டு ஒப்பிப்பான். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவே கிடையாது. ஒவ்வொருவனும் அவனவன் நிற்கும் இடத்திலிருந்து நகர்ந்தான். இளையவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துப் பாடம் கேட்பது மூத்த மாணவனான சட்டாம்பிள்ளையின் வேலை. சென்னை எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதியை 1789 முதல் 1796 வரை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அந்த முறையைத் தம் விடுதிக்குக் கொண்டுவந்தார். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் பரவியது. சட்டாம்பிள்ளை முறையைப் பெல் இங்கிருந்து எடுத்தாரா, தாமே கண்டுபிடித்தாரா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. மணல் நம்முடையது என்பது உறுதி. ஆனால் பெரிய கூட்டத்தை ஒரே அணியாக நிறுத்தி ஒரே பாடத்தைச் சொல்ல வைத்த பெல்லின் ஏற்பாடும், பதினைந்து பேரைப் பதினைந்து படிகளில் வைத்திருந்த திண்ணையும் ஒன்றல்ல என்பதே என் தீர்ப்பு.

திண்ணையில் மையப் பாடம் எண்சுவடி என்ற கணக்கு வாய்பாடு. ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம், எண்சுவடியை மறந்துவிட்டோம். முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு, காணி என்பது எண்பதில் ஒன்று. நான்கு காணி ஒரு மா, ஐந்து மா கால். இந்தக் கீழ்வாயிலக்கம் தொடங்கி முழு எண்கள் வரை பொன்னிலக்கம். செவிடு, ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்று ஏறும் நெல்லிலக்கம். நிலத்தின் பரப்பைக் குழியிலும் மாவிலும் சொல்லும் குழிமாத்து. இவற்றை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதி, எழுதியதைத் திரும்பச் சொல்லி, நாவும் கையும் காதும் ஒன்றாகும்வரை பிள்ளைகள் பழகினார்கள். கூலி நெல்லாகவும், வாரம் கலமாகவும், நிலம் குழியாகவும் அளக்கப்பட்ட ஊரில் இந்த மனப்பாடம் அன்றாடம் கையாளும் கருவி. மகன் தேறினானா என்பதை அறிய அப்பனுக்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை. மூன்று குறுணி மூன்று நாழியில் பாதி எவ்வளவு என்று களத்தில் கேட்டால் போதும்.

வீட்டுப் பாடமும் இப்படியே வாய்வழியாக நடந்தது. 1855இல் பிறந்து உத்தமதானபுரத்திலும் பிற ஊர்களிலும் திண்ணைப் பள்ளியில் படித்த உ.வே.சாமிநாதையர், அந்தக் கால வழக்கங்களைப் பதிவு செய்திருக்கிறார். பூ, பறவை, விலங்கு, ஊர் என்று சில பெயர்களை மாலையில் வாத்தியார் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் பிள்ளை அவற்றை மறவாமல் வந்து சொல்லவேண்டும். எழுதும் வேலை ஏதுமில்லாத இந்தப் பாடம் எளிதாகத் தோன்றலாம். ஆனால் சிறு பிள்ளை இரவு முழுதும் நாலு பெயர்களைக் காப்பாற்ற வேண்டுமென்றால் வீட்டில் யாரிடமாவது சொல்லிவைத்தே ஆகவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் பாட்டியும்கூட அந்தப் பாடத்தில் பங்கெடுக்க முடியும். இன்றைய வீட்டுப் பாடத்தில் அவர்களுக்கு இடமே இல்லை. நவராத்திரி வந்தால் பிள்ளைகள் சோடித்துக்கொண்டு வாத்தியாருடன் வீடு வீடாகப் போய்ப் பாடிக் கோலாட்டம் அடித்தார்கள்; வீட்டார் தந்த பணமும் பொருளும் வாத்தியாருக்குப் போயின. வாத்தியாரின் வருமானத்துக்கான சடங்கு என்று இதை ஒதுக்கிவிடுவார்கள். பள்ளியின் ஒரு வருஷ வேலையை ஊர் வாசலில் நின்று கண்ணால் பார்த்த நாள் என்றும் அதைச் சொல்லலாம். பல்லாரியில் கலெக்டராக இருந்த ஏ.டி.காம்ப்பெல் 1823இல் எழுதிய அறிக்கை அன்றாடப் பாராட்டையும் தண்டனையையும் விவரிக்கிறது: காலையில் முதலில் வருபவன் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர், இரண்டாமவன் கையில் ஒரு சுழி, மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, பிறகு ஆளுக்கு ஒன்று கூடும்.

அதே காம்ப்பெல்தான் பிள்ளைகள் பொருள் புரியாமல் ஒப்பிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டையும் வைத்தார். அந்தக் குற்றச்சாட்டைப் பூசி மெழுகுவது நேர்மையாகாது. செய்யுளைப் பொறுத்தவரை அவர் சொன்னது பெரும்பாலும் உண்மை; ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கொன்றைவேந்தனின் பொருள் பின்னாளில்தான் புரிந்திருக்கும். கணக்கில் நிலைமை வேறு. மனத்தில் ஏறிய வாய்பாடு மறுநாளே அளவையில் சோதிக்கப்பட்டது. தவறினால் நெல்லோ காசோ நஷ்டம். இரண்டையும் ஒரே ‘மனப்பாடம்’ என்ற மூட்டைக்குள் கட்டியதால்தான் எண்சுவடியும் சேர்ந்தே பழிக்கப்பட்டது. அடியைப் பற்றி விவாதிக்க எதுவுமில்லை. கோதண்டம் என்று பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிட்டது கொடுமை. எந்தக் காலத்து நியாயமும் அதைத் துடைக்காது.

இன்ஸ்பெக்டர் வந்த கதைக்கு வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1862இல் அங்கே நடைமுறைக்கு வந்த திட்டத்தின்படி, வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேறும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி பள்ளிக்கு மானியம் கிடைத்தது. 1860களின் பிற்பகுதியில் அதே ஏற்பாடு சென்னை மாகாணத்துக்கும் வந்து, திண்ணைப் பள்ளிகளையும் தொட்டது. வீட்டாரிடம் நெல்லும் பணமும் வாங்கிப் பிழைத்த வாத்தியாருக்கு இப்போது வேறொரு வருமானம். அதற்கு வருகைப் பதிவேடு, அச்சுப் புத்தகம், வகுப்புப் பிரிவு, தேர்வு நாள் எல்லாம் வேண்டும். பதினைந்து படிகள் ஒன்றிரண்டு வகுப்புகளாகச் சுருங்கின. தேர்வு நாளில் தடுமாறும் பிள்ளை வாத்தியாருக்கு நஷ்டக் கணக்கு. மனப்பாடத்தை ஒழிக்க வந்ததாகச் சொன்ன ஏற்பாடு தேர்வுக்கான மனப்பாடத்தை வளர்த்தது. முன்பு மறுநாள் களத்தில் பயன்பட்ட மனப்பாடம், தேர்வோடு முடிந்துபோகும் மனப்பாடமாக மாறியது. தேர்ச்சி பார்த்துப் பணம் தரும் முறையைக் கைவிட வேண்டும் என்று 1904இல் வைஸ்ராய் கர்சன் அரசாங்கத்தின் கல்வித் தீர்மானமே சொன்னது. அதற்குள் ஒரு தலைமுறைக்கு மேல் கடந்துவிட்டது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். ஊர் அளந்தது என்கிறாயே, எந்த ஊர்? மன்றோவின் கணக்கில் 1,88,650 மாணவர்களில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. மாணவர்களில் பிராமணர் அல்லாதார் பெரும்பான்மை என்பதை வரலாற்றாய்வாளர் தரம்பால் 1983இல் வெளியிட்ட நூல் எடுத்துக்காட்டியது. தமிழ் மாவட்டங்களுக்கு அது உண்மை. ஆனால் நெல்லை விளைவித்து, தூற்றி, மரக்காலில் அளந்து கொட்டிய பறையர், பள்ளர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் திண்ணையில் உட்கார இடமில்லை. அளவை தெரிந்தவன் ஒரு பக்கம், அளக்கப்படும் கூலியை நம்பி நிற்பவன் மறுபக்கம் என்று களத்துமேடே பிரிந்திருந்தது. இந்த மறுப்பை நான் முழுவதும் ஏற்கிறேன். ஊரின் அளவுகோல் சாதியின் அளவுகோலாகவும் இருந்தது. ஆனால் ‘ஆகவே தேர்வும் இன்ஸ்பெக்டரும் தவிர்க்க முடியாதவை’ என்ற முடிவுக்கு இதிலிருந்து போக முடியாது. சாதி மூடிவைத்த கதவுகளை முட்டித் திறந்தவர்கள் மிஷன் பள்ளிக்காரர்கள், 1894இல் அடையாற்றில் பஞ்சமர் பள்ளி தொடங்கிய பிரம்மஞான சபைத் தலைவர் ஆல்காட், அதற்காகக் குரல் கொடுத்த அயோத்திதாசர் போன்றோர், பின்னாளில் அரசு நடத்திய ஆதிதிராவிடர் பள்ளிகள். எல்லாப் பிள்ளையும் உள்ளே வரவேண்டும் என்ற கொள்கை வேறு, உள்ளே வந்த பிள்ளையை ஒரே நாளில் ஒரே காகிதத்தில் அளப்பது வேறு. முதலாவது இல்லாமல் பள்ளியே இல்லை. இரண்டாவது அதன் விலையாக வரவேண்டிய அவசியம் இல்லை.

எண்சுவடி உடனே சாகவில்லை. அச்சான எண்சுவடிகள் 20ஆம் நூற்றாண்டிலும் விற்றன. 1957 ஏப்ரலில் தசம நாணயமும், அதையடுத்து மெட்ரிக் அளவைகளும் வந்தபின் மாவுக்கும் காணிக்கும் கடைத்தெருவில் வேலை இல்லாமல் போயிற்று. அதற்காக வருந்தத் தேவையில்லை. கிராமும் லிட்டரும் நல்ல அளவைகளே. ஆனால் திண்ணையின் வீட்டுப் பாடம் இன்றும் உதவும். 2018இல் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வயதுக்கு வீட்டுப் பாடம் எப்படி இருக்கலாம் என்று யோசிக்க நம் வரலாற்றிலேயே, மாலையில் சொல்லியனுப்பிய அந்த நாலு பெயர்களில், ஒரு மாதிரி இருக்கிறது. எண்சுவடியும் தொலைந்துவிடவில்லை; அதன் ஏடுகள் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலும் தஞ்சை சரஸ்வதி மகாலிலும் இருக்கின்றன. ஆசிரியப் பயிற்சி நிறுவனங்கள் பெல்லின் மெட்ராஸ் முறையைச் சொல்லித்தருவதோடு நிறுத்தாமல், அந்த ஏடுகளில் ஒன்றையாவது பயிற்சி மாணவர்கள் வாய்விட்டு வாசிக்கும்படி பாடத்திட்டத்தில் சேர்க்கவேண்டும்.