ஜென்டூ: தெலுங்கு பேசுறவங்களுக்கு வெள்ளைக்காரர் வைத்த பெயர்

1/ போன மாசம் ஓபியில் ஒரு பாட்டி. மாதனூர் பக்கத்துக் கிராமம், வீட்டில் தெலுங்கு பேசுறவங்க. "என்னம்மா பண்ணுது?"ன்னு கேட்டேன். "ஆயாசங்கா உந்தி சார்"னாங்க. நமக்கு ஆயாசம்னா களைப்பு. வெளியே அறுபது பேர் நிற்கிறாங்க. சத்து மாத்திரை எழுதப் பேனாவை எடுத்துட்டேன்.

2/ பக்கத்தில் இருந்த சிஸ்டர் சொன்னாங்க: "சார், அவங்க ஊர்ப் பேச்சில் அது களைப்பு இல்ல, மூச்சு வாங்குறது." காலைப் பார்த்தேன், வீக்கம். ஸ்டெத் வெச்சா ரெண்டு பக்கமும் நீர்ச் சத்தம். ஆக்சிஜன் 88. இதயச் செயலிழப்பு. ஊசி போட்டு, ஆக்சிஜன் வெச்சு, ஆம்புலன்ஸில் வேலூருக்கு அனுப்பினோம். பிழைச்சுக்கிட்டாங்க. தப்பு முழுக்க என்னுடையது.

3/ ஒரே சொல், ரெண்டு அர்த்தம். அன்றிரவு தூக்கம் வரல. அப்போதான் முன்பு படித்த இன்னொரு சொல் ஞாபகம் வந்தது: ஜென்டூ. சுமார் இருநூறு வருஷம் முன்பு மெட்ராஸ் வெள்ளைக்காரர்கள் தெலுங்கு மொழியையும் அதைப் பேசுறவங்களையும் இந்தப் பேரில்தான் கூப்பிட்டாங்க.

4/ இது தெலுங்குச் சொல்லே இல்லை. போர்த்துகீசியரின் 'ஜென்டியோ'விலிருந்து வந்தது. அர்த்தம்: வேற்று மதத்தான். இந்தியா வந்த போர்த்துகீசியர் இங்கிருந்தவர்களை ரெண்டாகப் பிரிச்சாங்க. முஸ்லிம்னா மூர், மற்றவர் ஜென்டியோ. ஆங்கிலேயர் அதையே வாங்கி ஜென்டூ ஆக்கினாங்க.

5/ 'வேற்று மதத்தான்' எப்படித் 'தெலுங்கர்' ஆனது? 1886இல் யூலும் பர்னலும் வெளியிட்ட ஹாப்சன் ஜாப்சன் அகராதி ஒரு காரணம் சொல்கிறது: போர்த்துகீசியர் வந்தபோது தென்னாட்டின் பெரும்பகுதியில் ஓங்கி நின்றது விஜயநகர ஆட்சி. அதைத் தெலுங்கு அரசாகவே அவர்கள் பார்த்தார்கள்.

6/ ஆங்கிலேயர் கதையும் இதோடு ஒத்துப்போகுது. 1611இல் அவர்கள் கிடங்கு போட்ட மசூலிப்பட்டினம் தெலுங்கு ஊர். 1639இல் மெட்ராஸில் இடம் கொடுத்த தாமர்ல வெங்கடப்ப நாயக்கர், விஜயநகரத்துக்குக் கீழ்ப்பட்ட தெலுங்குத் தலைவர்.

7/ இதில் வேடிக்கை பாருங்க. கல்கத்தா பக்கம் அதே சொல்லுக்கு அர்த்தம் வேற. ஹால்ஹெட் 1776இல் வெளியிட்ட 'ஜென்டூ சட்டங்கள்' நூலில் ஜென்டூன்னா இந்து. மெட்ராஸில் ஜென்டூன்னா தெலுங்கு. நம்ம 'ஆயாசம்' மாதிரியே!

8/ தமிழன் மட்டும் தப்பிச்சானா? இல்லை. போர்த்துகீசியர் முதலில் இறங்கியது மலபார் கரை. அந்தப் பேரையே தமிழுக்கும் ஒட்டிட்டாங்க. 1779இல் வேப்பேரியில் அச்சான ஃபப்ரீசியஸின் தமிழ் அகராதிக்குப் பேரே 'மலபார் ஆங்கில அகராதி'. இந்துஸ்தானிக்குப் பேர் 'மூர்ஸ்'. ஹாட்லியின் 1772 இலக்கணத் தலைப்பிலேயே அது இருக்கு.

9/ இப்போ என் ஓபி பெஞ்சைப் பாருங்க. தமிழ் பேசும் அக்கா, தெலுங்குப் பாட்டி, ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் உருது பேசும் பாய். அன்றைய கம்பெனி துரை வந்தா என்ன எழுதியிருப்பான்? மலபார், ஜென்டூ, மூர். மூணுமே அவங்க தங்களைச் சொல்லிக்கிற பேர் இல்லை.

10/ மாற்றம் எப்போ? மெட்ராஸில் 1812இல் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி வந்தது. அதிகாரிகள் இங்குள்ள மொழிகளை முறையாகக் கற்க வேண்டியதாச்சு. 1816இல் அங்கே அச்சான கேம்பெல்லின் இலக்கணம், தலைப்பில் 'தெலுங்கு' என்றே போட்டு, பொதுவாக ஜென்டூ என்பார்கள் என்று பக்கத்தில் சேர்த்தது. சொந்தப் பேர் முன்னால், ஒட்டுப் பேர் பின்னால்.

11/ அதே நூலின் முன்பகுதியில்தான், தெலுங்கும் தமிழும் கன்னடமும் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று எல்லிஸ் சான்றோடு எழுதினார். கால்டுவெல் நூலுக்கு 40 வருஷம் முன்பு. பேரைச் சரியாகக் கேட்கத் தொடங்கிய காலத்தில்தான் உறவும் புரிந்தது.

12/ இன்று ஜென்டூன்னு தேடினா ஒரு பென்குயின் வரும், ஒரு லினக்ஸ் வரும். தெலுங்கர் யாருக்கும் அந்தப் பேர் தெரியாது. ஆனா அந்தப் பழக்கம் போகலை. சென்னையில் தெலுங்கு பேசுறவங்களைக் கிண்டலா கூப்பிட ஒரு சொல் இருக்கு. காலேஜ் ஹாஸ்டலில் நானும் சொல்லிச் சிரிச்சிருக்கேன். இங்கே அதை எழுத மாட்டேன்.

13/ அந்தப் பாட்டிக்குப் பிறகு ஒரு மாற்றம் செஞ்சேன். நோயாளி சொன்ன சொல்லை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிட்டு, "அப்படின்னா என்ன பண்ணுதும்மா, காட்டுங்க"ன்னு கேட்கிறேன். அரை நிமிஷம் கூட ஆகும். போன வாரம் பாட்டி திரும்ப வந்தாங்க. "ஆயாசம் லேது சார்"னு சிரிச்சாங்க. இந்தத் தடவை புரிஞ்சது.