ஷாருக் கான்: 1990களின் அறியப்படாத வேடங்கள்

1965இல் டெல்லியில் பிறந்த இந்தி நடிகர் ஷாருக் கான், அங்கேயே ஹன்ஸ்ராஜ் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, பேரி ஜானின் நாடகக்குழுவில் நடிப்புப் பயின்றவர். டெல்லிக் கட்டடக்கலை மாணவர்களைப் பற்றி அருந்ததி ராய் எழுதி, பிரதீப் கிரிஷன் இயக்கிய 1989ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிப் படத்தில் அவருக்குக் கிடைத்தது மிகச் சிறிய வேடம்.

அவர் நடித்த ‘தீவானா’ வெளிவந்த 1992இலேயே மணி கௌலின் ‘இடியட்’ படத்திலும் அவர் இருந்தார். தாஸ்தயெவ்ஸ்கியின் ‘அசடன்’ நாவலில் வரும் ரகோஷின்தான் இங்கே அவர் ஏற்ற ரகுஜன். பொறாமையில் வெந்து தணியாத மனிதன். ‘பாஜிகர்’, ‘டர்’ (1993) படங்களின் வெறிகொண்ட பாத்திரங்களுக்கு வித்து இதில் தெரிகிறது. அவரை மதிப்பிட விரும்புவோர் தவறவிடக்கூடாத படம். பிளாபேரின் ‘மேடம் பொவாரி’யைத் தழுவிய கேத்தன் மேத்தாவின் ‘மாயா மேம்சாப்’ (1993) படத்தில் அவர் மாயாவின் இளம் காதலன்.

குந்தன் ஷாவின் ‘கபி ஹான் கபி நா’ (1994) ஓரளவு பரவலாக அறியப்பட்டது. கோவாவில் நடக்கும் கதை. தேர்வில் தோற்று, காதலுக்காகப் பொய் சொல்லி, கடைசியில் காதலியையும் இழக்கும் சுனிலை அவர் உருக்கமாகச் செய்திருந்தார். பிலிம்பேரின் விமர்சகர் விருது அதற்குக் கிடைத்தது. தமிழில் ‘உயிரே’ என்று வந்த ‘தில் சே’ (1998) படத்தில், டெல்லி அகில இந்திய வானொலி ஊழியராக அவர் பிறந்த ஊருக்கே திரும்பினார்.